பசைக்காரரும் ஒட்டாத உப்பும்

“உப்பு ஒட்டலை.”

மாலை ஆறரை மணிக்கு இந்த இரண்டு வார்த்தையும் சோபாவின் இடது மூலையிலிருந்து கிளம்பும். கிளம்பும்போது குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். பதில் வராவிட்டால் ஒரு படி ஏறும். “உப்பு ஒட்டலைங்கிறேன்.” அதற்கும் பதில் இல்லையென்றால், பாப்கார்ன் கிண்ணத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் கிடக்கும் உப்பை விளக்கு வெளிச்சத்தில் காட்டுவார். “பாரு, கடற்கரை மாதிரி கிடக்கு. சோளத்து மேல ஒரு பொட்டு இல்லை. இருபத்தெட்டு வருஷமா அடுத்தவன் சுவரையெல்லாம் ஒட்டிக் குடுத்துக்கிட்டிருக்கேன். என் வீட்டுல ஒரு சிட்டிகை உப்பு ஒட்டமாட்டேங்குது.”

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவர் மனைவி, “ம்” என்பாள். கேட்பவருக்கு அந்த ‘ம்’மில் அனுதாபம் இருப்பது போலத் தோன்றும். உள்ளே இருந்தது சந்தோஷம். உப்பு ஒட்டாமல் இருக்க இருக்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஊரில் அவருக்குப் பசைக்காரர் என்று பெயர். வீடுகளிலும் ஓட்டல்களிலும் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டுவது தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், சுவரில் இரண்டு தாள் சேருகிற கோட்டைப் பார்ப்பார். கால் எலும்பு முறிந்து படுத்திருந்த சகலையைப் பார்க்கப் போனபோது, “எப்படிப்பா இருக்கே” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கட்டிலுக்குப் பின்னால் எம்பி, சுவரில் உப்பியிருந்த ஓரிடத்தைச் சட்டைப் பையிலிருந்த ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, கட்டைவிரலால் தேய்த்து, “இப்ப பரவாயில்லை” என்றார். பாவம் சகலை, “ஆமாங்க, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை” என்று காலைத் தடவிக்கொண்டார்.

தொழிலில் அவருக்கு ஒரே மந்திரம்தான். பசை தடவிய தாளை உடனே சுவரில் ஏற்றக்கூடாது. பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். தாள் ஊறும், இளகும், அப்புறம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். “ஊறட்டும்” என்பது வாயில் அப்படிப் படிந்துவிட்டது. பல் டாக்டர் மரப்பு ஊசி போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோதுகூட, “ஊறட்டும், ஊறட்டும், அவசரமே இல்லை” என்று டாக்டருக்குத் தைரியம் சொன்னவர்.

தரையில் நடக்கும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனகுவார். ஏணியில் கால் வைத்துவிட்டால் பூனை. ஏணியைக் கீழே பிடித்துக்கொள்வது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பசை கலக்குவான், தாள் வெட்டுவான், வண்டி ஓட்டுவான். மேலே மட்டும் ஏறமாட்டான். மூன்றாம் படி தாண்டினால் அவன் முட்டிகள் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும்.

பசைக்காரருக்குக் குடி கிடையாது, புகை கிடையாது. பாப்கார்ன் உண்டு. வேலை முடிந்து வந்து, குளித்து, கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றிச் சோளத்தைப் பொரித்து, வெண்ணெயை உருக்கி வளைத்து வளைத்து ஊற்றி, உப்பைத் தூவி, ஒரு கிண்ணம். கிண்ணம் என்றால் அதில் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் வருஷா வருஷம் டாக்டரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் காண்ட்ராக்டர் ஏணியைத் தொடவிடுவார். இந்த வருஷம் டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் கெட்ட செய்தி சொல்கிறவர் அவர்.

“பிரஷர் நூத்தி அறுபத்திரண்டு இருக்குங்களே. இதோட நீங்க மேல ஏறக்கூடாதுங்க. மாத்திரை எழுதறேன். எண்ணெய், வெண்ணெய் வேண்டாம். உப்பைப் பாதியாக்குங்க. ரெண்டு மாசம் பாப்போம். நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா கையெழுத்து. வரலைன்னா என்னங்க, தரையில செய்யற வேலை எவ்வளவோ இருக்கே.”

தரையில் செய்கிற வேலை. வீடு வந்து சேரும்வரை பசைக்காரர் அந்த மூன்று வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் கழித்துப் பெரிய ஓட்டல் ஒன்றின் மாடிப்படிச் சுவர் அவருக்காகக் காத்திருந்தது. பதினெட்டு அடி உயரம், நடுவில் வெட்டில்லாத முழுத்தாள், தாள் நிறையக் கொக்கு. பக்கத்துத் தாளோடு சேரும் இடத்தில் ஒரு நூல் விலகினாலும் கொக்குக்கு இரண்டு கழுத்து வந்துவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சுவர் அவருக்குக் கிடைத்ததில்லை. இவர் ஏறமுடியாது என்றால் காண்ட்ராக்டர் வேறு ஆளை ஏற்றுவார். இவர் கீழே நின்று அந்த ஆளுக்குப் பசை கலக்கிக் கொடுக்க வேண்டும்.

மனைவிக்கு முதலில் வந்த கவலை வேறு. ஏணியிலிருந்து இறக்கிய புருஷன் எங்கே போவான், நேராகச் சமையலறைக்குத்தான் வருவான். போன வருஷம் இரண்டு நாள் லீவில் இருந்தபோதே அலமாரி டப்பாக்களை நூல் பிடித்து வரிசையாக்கி, ஒரு வாரம் அவளைச் சர்க்கரைக்குத் தேடவிட்டவர். அன்று சாயங்காலம் அவள் வாசல் பக்கம் எட்டிப்பார்த்தாள். மடக்கி வைத்திருந்த ஏணியை ஒவ்வொரு படியாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத ஏணி. அதைப் பார்த்த பிறகு அவளுக்குக் கேலி வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

அவள் வாங்கிவந்தது எண்ணெயே இல்லாமல் வெறும் சூடான காற்றில் சோளம் பொரிக்கிற மிஷின். பார்த்தால் தலை உலர்த்தும் டிரையரை நிமிர்த்தி நிற்க வைத்து, அதற்கு ஒரு மூக்கு வைத்தது போல இருந்தது. உச்சியில் ஒரு ஓட்டை, ஓட்டைமேல் ஒரு சின்னக் கப். சோளத்தை அளக்கவும் அதுதான், சூட்டில் வெண்ணெய் உருக்கவும் அதுதான் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. வெண்ணெய்ப் படத்தைப் பார்த்ததும் அவள் பெட்டியைக் கிழித்தாள், கப்பைத் தான் வேலை பார்க்கும் சலவைக் கடையில், கவுண்டர் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

முதல் நாள் மிஷின் “ஊஊஊ” என்று ஒரே சுருதியில் அழுதது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் “டக்.” கொஞ்சம் யோசித்து, “டக் டக்.” அப்புறம் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழைதான். மூக்கு வழியாகக் கிண்ணத்தில் விழவேண்டிய பாப்கார்ன், கப் இல்லாத உச்சி ஓட்டை வழியாகக் கூரைக்குப் போனது. பொரியாத சோளம் ஒன்று பசைக்காரரின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

“இந்த ஓட்டை எதுக்கு?” என்றார்.

“காத்து போறதுக்கு.”

“காத்து மட்டும் போகலையே.”

அவள் ஒரு சாஸரை எடுத்து ஓட்டைமேல் கவிழ்த்தாள். அன்றிலிருந்து மிஷின் பொரிக்கும்போதெல்லாம் சாஸர் பல்லைக் கடிக்கிற மாதிரி நடுங்கும். சத்தம் அடங்கி, ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் மூன்று எண்ண முடிந்தால் அணைத்துவிட வேண்டும். அதையெல்லாம் அவர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். பொரியும் நன்றாகத்தான் இருந்தது, பஞ்சு மாதிரி. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பஞ்சில் உப்பு எப்படி நிற்கும். தூவினால் நழுவி அடிக்குப் போய்விடும். அவர் புலம்பினார், அவள் துணி மடித்தாள். எண்ணெயும் போச்சு, உப்பும் போச்சு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சும்மா இருப்பாரா பசைக்காரர். ஒட்டாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தொழிலுக்கு அவமானம். முதலில் மனைவி இஸ்திரி போடும்போது துணிக்கு அடிக்கிற தண்ணீர் ஸ்ப்ரேயை எடுத்துப் பாப்கார்ன் மேல் நன்றாக அடித்தார். உப்பைத் தூவினார். கிண்ணத்தை மூடினார்.

“ஊறட்டும்.”

பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் உப்பு ஒட்டித்தான் இருந்தது. பாப்கார்ன்தான் செருப்புத் தோல் ஆகியிருந்தது. ஒரு வாயை நாலு நிமிஷம் மென்றுவிட்டு, “ஊறினது கொஞ்சம் ஜாஸ்தி” என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, நீர்க்கப் பசை செய்து, புதுப் பிரஷ் ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு பொரியாகத் தடவ உட்கார்ந்தார். “சோளத்தைச் சோளத்தாலேயே ஒட்டறேன். இதுல என்ன தப்பு?” என்றார். அப்போது வந்த மச்சான் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். மொத்தமும் ஒரே கட்டியாக, கிண்ணத்தின் அச்சு மாறாமல் மேஜைமேல் இறங்கியது. மச்சான் அதை விரலால் தட்டினான். ‘டொக் டொக்’ என்றது.

“மாமா, இதைத் தலையில மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டினா போலீஸ் பிடிக்கமாட்டாங்க.”

“வாயை மூடு மாப்ள. உப்பு ஒட்டியிருக்கா இல்லையா, அதைச் சொல்லு.”

“ஒட்டியிருக்கு மாமா, பிரஷ்ல.”

இப்படி ஒரு மாதம் போயிற்று. பகலில் ஏணி ஏறாமல் பழைய சுவரைத் தேய்க்கிற வேலை, மதியத்துக்கு டப்பாவில் இதே பாப்கார்ன், மாலையில் கிண்ணம். மனைவி நிம்மதியாக அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். பிரஷர் பார்க்கிற கைப்பட்டையில் காற்று ஏறி இறங்கியது. டாக்டரம்மா தாலாட்டுக் குரலில், “நூத்தி அம்பத்தெட்டுங்க” என்றார். “மாத்திரை போடறீங்கல்ல? எண்ணெய் விட்டாச்சா? உப்பு?”

“எண்ணெய் ஒரு சொட்டு இல்லை டாக்டர். சமையல்ல உப்பு பாதிதான். இவர் திங்கறதுல உப்பு ஒட்டறதே இல்லை” என்று மனைவி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். இன்னும் ஒரு மாதம்.

வெளியே வண்டியில் மச்சான் காத்திருந்தான். பசைக்காரர் மருந்துக் கடையில் நின்ற நேரம் பார்த்து அவள் தம்பியைப் பிடித்தாள்.

“வேலை இடத்துல உங்க மாமா என்னடா திங்கறாரு?”

“நீ குடுத்தனுப்பற டப்பாதான் அக்கா. பாப்கார்ன்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லை.” கொஞ்சம் நெளிந்தான். “டப்பாவோட அடியில இருக்கறது கணக்குல வருமா?”

“அடியில என்ன இருக்கு, உதிர்ந்த உப்புதானே இருக்கு?”

மச்சான் நடித்துக் காட்டினான். சுட்டுவிரலை நாக்கில் வைத்து நனைத்தான். காற்றில் இருந்த ஒரு டப்பாவின் அடியில், தாளின் மூலையை அழுத்துகிற அதே பதத்தில், மெல்ல ஒற்றினான். எடுத்து நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். மறுபடி நனைத்தான், ஒற்றினான். கடைசியில் மாமா குரலை அப்படியே எடுத்து, “உப்பு ஒட்டலை மாப்ள” என்றான்.

அன்று மாலை அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்தாள். எதிரே ஜன்னல் கண்ணாடியில் சோபாவின் இடது மூலை முழுதாகத் தெரிந்தது. பாப்கார்ன் முடிந்தது. விரல் நாக்குக்குப் போனது, கிண்ணத்துக்குப் போனது, நாக்குக்குப் போனது. ஐந்து நிமிஷத்தில் கடற்கரை காலி.

“ஏங்க,” என்றாள் திரும்பாமலே, “கிண்ணத்துல கிடந்த உப்பு எங்க?”

“விழுந்திருக்கும்.”

“எங்க விழுந்துச்சு?”

“கீழ.”

“கீழன்னா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “உள்ள.”

ஒட்டாத உப்பு என்று அவள் சந்தோஷப்பட்டதெல்லாம் ஒன்று விடாமல் அவர் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஒட்டியிருந்தால் இவ்வளவு தூவியிருக்கவே மாட்டார். மறுநாள் உப்பே போடாமல் கொடுத்தாள். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அதற்கு அடுத்த நாள், வண்டியில் பசை வாளிக்குள் ஒரு உப்புப் பொட்டலம் இருப்பதாக மச்சான் தகவல் சொன்னான். வேறு வழியில்லை. கிண்ணத்தின் அடியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்றால் உப்பு சோளத்தில் ஒட்டியாக வேண்டும். ஒரு மாதமாக எது நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாளோ, அதை இப்போது அவளே நடத்தி வைக்க வேண்டும்.

“உப்பு ஒட்டணுமேங்க” என்று அவளே ஆரம்பித்தபோது பசைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்பவாவது புரிஞ்சுதா? உடம்பெல்லாம் எண்ணெயைத் தடவிக்கிட்டு மண்ணுல புரண்டாலும் ஒட்டறதுதான் ஒட்டும்பாங்க. இங்க எண்ணெயே இல்லை, எங்கேருந்து ஒட்டும்? நடுவுல ஒரு பசை வேணும். பசை இல்லாம எதுவும் எதுலயும் ஒட்டாது. இது நான் சொல்லலை, தொழில் சொல்லுது.”

தொழில் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பழைய சுவரைத் தேய்த்துச் சமன் செய்யும்போது பறக்கிற வெள்ளைத் தூள் சட்டை முழுக்க அப்பியிருந்தது. உதறினாள். பையில் இருந்த மணல் பொலபொலவென்று கொட்டியது, தூள் அசையவில்லை. சலவைக் கடையில் தினம் பார்க்கிற விஷயம்தான். கோட்டில் மண் பட்டால் உதறினால் போகும், மாவு பட்டால் கெஞ்சினாலும் போகாது. சட்டையைக் கையில் பிடித்தபடி சோபாவுக்கு வந்தாள்.

“ஏங்க, இந்தத் தூளை உங்க சட்டையில யாரு பசை போட்டு ஒட்டினது?”

“யாரும் ஒட்டலை. அது நைஸ் தூளு. தானா ஒட்டிக்கும்.”

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. அவள் சட்டையை வாளியில் போட்டுவிட்டு வந்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் உப்பைப் போட்டு ஓட்டினாள். மூடியைத் திறந்தபோது உப்பு புகை மாதிரி எழும்பியது. மிஷின் ஊளையிட்டது, சாஸர் பல்லைக் கடித்தது, பொரி மூக்கு வழியாகச் சுடச்சுட விழ விழ அவள் கால் ஸ்பூன் தூளை ஒரு சின்ன வடிகட்டியில் போட்டு மேலே தட்டினாள்.

பசைக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். முகம் சுளித்தது.

“கரிக்குது.”

“என்ன சொன்னீங்க?”

“உப்பு ஜாஸ்தின்னேன்.”

இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததே இல்லை. மறுநாள் அதிலும் பாதி போட்டாள். அதுவே போதுமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, பழக்க தோஷத்தில் விரலை நனைத்துக் கிண்ணத்தின் அடியில் ஒற்றினார். எடுத்துப் பார்த்தார். விரல்தான் இருந்தது. சொந்த விரலே ஏமாற்றிவிட்டது போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது. “ஊறாம ஒட்டற பொருள் ஒண்ணு இருக்கு மாப்ள, எல்லாருக்கும் தெரியாது” என்று மச்சானுக்கு வகுப்பெடுத்தார். “அக்கா சொன்னா” என்று மச்சான் ஆரம்பித்தபோது, “அவ சட்டையைக் காட்டினா. சட்டை யாரோடது?” என்றார்.

மாதக் கடைசியில் மறுபடி கைப்பட்டையில் காற்று ஏறியது. மச்சான்கூட உள்ளே வந்து கதவோரம் நின்றான், அவர் ஏறாவிட்டால் ஏணி தன்னைத்தான் முதலில் பார்க்கும் என்கிற பயம் அவனுக்கு. டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை காற்றை ஏற்றினார்.

“நூத்தி முப்பத்தாறு” என்றார். “மாத்திரை நல்லா வேலை செய்யுது. உப்பும் உண்மையாவே குறைஞ்சிருக்கு போல. எப்படிங்க பழகிக்கிட்டீங்க, கஷ்டமா இருந்துச்சா?”

“குறைக்கவெல்லாம் இல்லை டாக்டர். ஒட்ட வச்சேன்” என்றார் பசைக்காரர். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி அந்தத் தாளை வாங்கி, கசங்காமல் இரண்டாக மடித்து, அவர் சட்டைப் பையில் தானே வைத்துவிட்டாள்.

ஓட்டல் சுவர் முடிய நாலு நாள் ஆனது. கடைசி நாள் மதியம் சலவைக் கடையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அவர் வேலை செய்கிற இடத்துக்கு அவள் அதுவரை வந்ததில்லை. படிக்கட்டின் அடியில் நின்று தலையை நிமிர்த்தினாள். கழுத்து வலிக்கும் உயரத்துக்குக் கொக்குகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கழுத்து. தாள் எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று எவ்வளவு தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏணியின் உச்சியில் அவள் புருஷன் இடுப்பில் கை வைக்காமல், முனகாமல், பிரஷ்ஷால் கடைசித் தாளின் மேல்விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கீழே மச்சான் ஏணியைக் கட்டிப்பிடித்து, மேலே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தாள். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் அதைச் சொன்னால் இன்னும் ஒரு வருஷத்துக்குச் சோபாவின் இடது மூலையில் இந்தச் சுவர்தான் பேச்சாக இருக்கும். சகலை வீட்டில் அவர் பார்க்கிற மாதிரியே கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

“ஏங்க,” என்று குரல் கொடுத்தாள், “அந்த மேல் மூலைக் கொக்கு பக்கத்துல தாள் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குதே, கவனிச்சீங்களா?”

பிரஷ் நின்றது. மச்சான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பசைக்காரர் மூலையைப் பார்க்கவில்லை. பதினெட்டு அடிக்குக் கீழே நின்ற மனைவியை நிதானமாகப் பார்த்தார்.

“தரையில நின்னு பாக்கறவங்களுக்கு எல்லாம் தூக்கிக்கிட்டுத்தான் தெரியும். சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட நீயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு மேல ஏறி வா, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கொக்கும் நானும் இங்கயேதான் இருப்போம், டப்பாவை உன் தம்பிகிட்ட குடுத்துட்டுப் போ.”